பெட்டிக்குள் 23 கிலோ சென்னை!

மார்கழி பிறந்தால் சென்னைக்கு மூன்று விஷயங்கள் தவறாமல் வரும். முதலாவது, பனி (வந்திருப்பதாக மஃப்ளர் கட்டிய பெரியவர்கள் சொல்கிறார்கள்). இரண்டாவது, கச்சேரி. மூன்றாவது, கையில் மினரல் வாட்டர் பாட்டிலும் இடுப்பில் குட்டிப் பையுமாக வெளிநாட்டு உறவினர்.

பனி, தை மாதம் போய்விடும். கச்சேரி ஜனவரியில் ஓய்ந்துவிடும். வெளிநாட்டு உறவினர் மட்டும் சும்மா போக மாட்டார். மயிலாப்பூரில் பாதி, தி.நகரில் கால், அடையாறில் மீதி என்று ஊரையே பெட்டியில் அடைத்துக்கொண்டுதான் கிளம்புவார். அமெரிக்கா போகிற பெரும்பாலான டிக்கெட்டுகளுக்கு ஆளுக்கு இரண்டு பெட்டி; பெட்டிக்கு 23 கிலோ. அதற்கு மேல் போனால் கவுன்ட்டரில் இருக்கும் பெண் புன்னகை மாறாமல் தீட்டிவிடுவாள்.

நான் பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைப்பவன். ஆபீஸ் கிடையாது. ஆபீஸ் இல்லாதவனுக்கு வேலையும் இல்லை என்பது எங்கள் குடும்பத்தின் ஏகமனதான தீர்மானம். ஆகவே டிசம்பர், ஜனவரியில் வெளிநாட்டுக் கோஷ்டியைக் கடை கடையாக அழைத்துப் போகும் பொறுப்பு என் தலையில். சம்பளம்: ஒரு சென்ட் பாட்டில், ஒரு பாக்கெட் பாதாம் சாக்லேட். பத்து வருஷ சர்வீஸ். இதற்குள் என்ன வாங்கலாம், என்ன வாங்கக் கூடாது என்று புத்தகமே போடலாம். பி.காம். படித்த பாவத்துக்கு, ஒவ்வொரு கிலோவும் தன் டிக்கெட் காசைச் சம்பாதிக்கிறதா என்று கணக்குப் பார்க்கிற வியாதி வேறு.

அந்தக் கணக்கில் தெரிந்த சமாசாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெட்டியில் ஜம்மென்று இடம் பிடிப்பது ஸ்வீட் பாக்ஸ். அங்கே போய் ஆறு மாதம் உழைப்பது பொடி!

பாரிஸில் ஒரு பாடம்

இதை எனக்குப் புரிய வைத்தவன் மயிலாப்பூர்க்காரன் இல்லை. கம்பெனி செலவில் பிரான்ஸ் போய் வந்த என் சிநேகிதன். எல்லோரும் ஈஃபில் டவர் கீ-செயின் வாங்கி வருவார்கள். இவன் கடைசி நாள் நேராக ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்குள் நுழைந்திருக்கிறான். கார்ஃபூர், மோனோப்ரி என்று அங்கே தெருவுக்குத் தெரு உண்டு. உள்ளூர்க்காரர்கள் பாலும் ரொட்டியும் வாங்குகிற சாதாரணக் கடைதான். கட்டம் போட்ட துணி மாதிரி மூடி வைத்த 'போன் மமான்' ஜாம், டிஜான் கடுகு விழுது, கெராந்த் கடல் உப்பு, வெண்ணெய் பிஸ்கட்டு என்று கூடை நிறைய வாங்கி வந்தான்.

"டவர் பொம்மை எல்லாம் நம்மளை மாதிரி டூரிஸ்டுக்காகப் பண்றது. அந்த ஊர்க்காரன் தன் வீட்டு அலமாரியில என்ன வெச்சிருக்கான்னு பாரு. அதுதான் ஊர்" என்றான்.

அவன் கூடையில் இன்னொரு டப்பாவும் இருந்தது. 'லெரூ' என்று எழுதியிருந்தது. திறந்து மோந்து பார்த்தால்... அட, நம்ம சிக்கரி! கும்பகோணம் டிகிரி காப்பியின் அந்தரங்கச் செயலாளர் பிரான்ஸ் தேசத்து சூப்பர் மார்க்கெட் ஷெல்ஃபில் சௌக்கியமாக உட்கார்ந்திருக்கிறார்! 1806-ல் நெப்போலியன் இங்கிலாந்தோடு வர்த்தகம் கூடாது என்று தடை போட்டார். ஐரோப்பாவுக்குக் கப்பலில் வரும் காப்பிக்கொட்டைக்குத் தட்டுப்பாடு. ஜனங்கள் சிக்கரிக் கிழங்கை வறுத்துப் பொடி செய்து காப்பியில் கலக்க ஆரம்பித்தார்கள். தட்டுப்பாடு போய்விட்டது, பழக்கம் போகவில்லை. இன்றும் அங்கே சிக்கரி தனி டப்பாவில் கிடைக்கிறது.

ஆகவே பாரிஸிலிருந்து வருகிற தமிழர்களுக்கு என் முதல் யோசனை: காப்பிப் பொடி வாங்கும்போது சிக்கரி கலக்காமல் வாங்குங்கள். சிக்கரியின் எடை மிச்சம். ஊருக்குப் போய்க் கலந்துகொள்ளலாம்.

மூன்றே கேள்விகள்

கடைக்குக் கிளம்பும் முன் கோஷ்டியை உட்கார வைத்து நான் மூன்று கேள்விகள் கேட்பது வழக்கம்.

ஒன்று: இது அங்கே கிடைக்குமா? நியூஜெர்சியில் எடிசன், லண்டனில் ஈஸ்ட் ஹாம், டொரன்டோவில் ஸ்கார்பரோ, சிங்கப்பூரில் சிராங்கூன் ரோடு, பாரிஸில் லா ஷப்பல் - எங்கே போனாலும் நம்மவர் கடை இருக்கிறது. பொன்னி அரிசி, துவரம் பருப்பு, புளி, பாக்கெட் சாம்பார் பொடி, உறைய வைத்த பரோட்டா எல்லாம் அங்கேயே கிடைக்கும். அவ்வளவு தூரத்துக்கு அப்பாலும் கிடைக்கிற புளியை இங்கிருந்து சுமப்பானேன்?

இரண்டு: இது தாங்குமா? பயணத்தை மட்டும் கேட்கவில்லை. போய்ச் சேர்ந்தபின் இரண்டு மாதமாவது தாங்க வேண்டும்.

மூன்றாவது கேள்விதான் முக்கியம். நான் அதற்குச் 'செவ்வாய்க்கிழமை ராத்திரி டெஸ்ட்' என்று பெயர் வைத்திருக்கிறேன். பிப்ரவரி மாதம். வெளியே பனி. ஆபீஸிலிருந்து எட்டு மணிக்கு வருகிறீர்கள். சமைக்கத் தெம்பில்லை. குக்கரில் ஒரு சாதம் வைக்கலாம், அவ்வளவுதான். அப்போது அலமாரியைத் திறந்தால் எதைக் கை தேடும்? அதை வாங்குங்கள். செவ்வாய்க்கிழமை ராத்திரி யாரும் முந்திரி கேக்கைத் தேடுவதில்லை, ஸார். பருப்புப் பொடி, அப்பளம், நல்லெண்ணெய். முடிந்தது.

மாட வீதி வலம்

மயிலாப்பூரில் கபாலி கோயிலைச் சுற்றி நான்கு மாட வீதிகள். ஒரு பிரதட்சிணம் வந்தால் புண்ணியமும் உண்டு, பெட்டியில் முக்கால்வாசியும் ரொம்பிவிடும்.

முதலில் அப்பளம். 'அம்பிகா அப்பளம் டிப்போ' பெயரிலேயே அப்பளத்தை வைத்திருந்தாலும், உள்ளே போனால் வத்தல், வடாம், பொடி, ஊறுகாய் என்று ஒரு கல்யாணத்துக்கான உக்கிராணமே இருக்கிறது. பெரிய அப்பளம் வாங்கினால் போய்ச் சேரும்போது நூறு அப்பளம் ஆயிரம் ஆகியிருக்கும். சின்ன சைஸாக வாங்கி, கட்டைப் பிரிக்காமல் இரண்டு துண்டுக்கு நடுவில் படுக்கப் போட வேண்டும். நிற்க வைக்கக் கூடாது.

வடாம் வாங்குகிறவர்களுக்கு ஒரு ரகசியம். வடாம் பிழிகிற சீஸன் மாசியிலிருந்து சித்திரை வரை, நல்ல வெயிலில். நீங்கள் டிசம்பரில் வாங்குவது போன கோடையின் சரக்கு. ஒன்றை எடுத்து விரலால் ஒடித்துப் பாருங்கள். டக்கென்று உடைந்தால் எடுக்கலாம். வளைந்தால் மழைக்காலத்து ஈரம் குடித்திருக்கிறது, வைத்துவிடுங்கள். மாவடுவும் அப்படித்தான். மாசி, பங்குனியில் மாட வீதி நடைபாதையில் கூடை கூடையாகக் குவிந்திருக்கும். டிசம்பரில் வந்து "ஃப்ரெஷ்ஷா மாவடு இருக்கா?" என்று கேட்டால் கடைக்காரர் உங்களை ஏற இறங்கப் பார்த்து, "எந்த ஊருங்க?" என்பார்.

மணத்தக்காளி, சுண்டைக்காய் வற்றல் இரண்டும் என் கணக்கில் தங்கம். கால் கிலோ வாங்கினால் வருஷம் ஓடும். மோர் மிளகாயும் அதே ஜாதி. எடை இல்லை, உடையாது, ஒழுகாது. மாகாளிக் கிழங்கு ஊறுகாயைப் பற்றி மட்டும் எச்சரிக்கை. நமக்கு அது தேவாமிர்தம். மற்றவர்களுக்கு மூட்டைப்பூச்சி வாசனை. பக்கத்து வீட்டில் வெள்ளைக்காரர் இருந்தால் ஜன்னலைச் சாத்திவிட்டுத் திறக்கவும்.

அடுத்து கச்சேரி ரோடு. 'டப்பா செட்டி கடை' என்றால் மயிலாப்பூரில் குழந்தையும் வழி சொல்லும். நூறு வருஷத்துக்கும் மேலாக நாட்டு மருந்து விற்கிற கடை. சுக்கு, திப்பிலி, சித்தரத்தை, அதிமதுரம், தீபாவளி லேகியம். மாமிகளுக்கு ஃபேமிலி டாக்டர் இதுதான். டாக்டர் ஃபீஸ் இல்லை, க்யூ மட்டும் உண்டு. சித்தரத்தையில் இரண்டு துண்டு டப்பாவில் இருந்தால் பனி தேசத்துத் தொண்டைக்கு எத்தனையோ உபகாரம்.

கடைசியாகக் காப்பி. கடைசியாக என்றால் நிஜமாகவே கடைசி. விமானம் ஏறுவதற்கு முதல் நாள்தான் அரைக்க வேண்டும். அரைத்த நிமிஷத்திலிருந்து வாசனை போக ஆரம்பித்துவிடும். லியோ காப்பி என்றதும், ஏ.ஆர். ரஹ்மான் விளம்பரங்களுக்கு இசையமைத்துக்கொண்டிருந்த காலத்தில் போட்ட அந்த மெட்டு பலருக்கு நினைவு வரும். நரசுஸாகட்டும், பேர் இல்லாத தெருமுனைக் கடையாகட்டும், கேட்க வேண்டியது இரண்டே விஷயம். பீபெரி எவ்வளவு, பிளான்டேஷன் ஏ எவ்வளவு? சிக்கரி எத்தனை சதவிகிதம்? காப்பி-சிக்கரிக் கலவையில் காப்பி குறைந்தது 51 சதவிகிதம் இருக்க வேண்டும் என்பது சட்டம். கலவையின் அளவைப் பாக்கெட்டில் அச்சடிக்கவும் வேண்டும். படித்துப் பார்த்து வாங்குகிறவர்கள் குறைவு. எண்பதுக்கு இருபது என்பது எங்கள் வீட்டுக் கணக்கு.

இன்னொன்று. சுடச்சுட அரைத்த பொடியை உடனே கவரில் போட்டு ஒட்டாதீர்கள். புதிதாக வறுத்த காப்பி கரியமில வாயுவை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். கவர் பலூன் மாதிரி உப்பும். சில மணி நேரம் ஆறவிட்டு அப்புறம் ஒட்டுங்கள்.

அடையாறு, பாண்டி பஜார்

அடையாறு காந்தி நகரில் 'கிராண்ட் ஸ்வீட்ஸ் அண்ட் ஸ்நாக்ஸ்' 1982-ல் ஆரம்பித்த கடை. வாங்க வந்தவர்களுக்கெல்லாம் தொன்னையில் சுடச்சுடப் பிரசாதம் கொடுத்தே பேர் வாங்கியது. தொன்னைக்காகவே 'விலை விசாரிக்க' வந்தவர்களை எனக்குத் தெரியும். பெயரில் ஸ்வீட்ஸ் இருந்தாலும், என் கோஷ்டியை நான் தள்ளிக்கொண்டு போவது புளிக்காய்ச்சல், வத்தக்குழம்பு விழுது, தக்காளித் தொக்கு வரிசைக்குத்தான். நல்லெண்ணெய் மிதக்கிற புளிக்காய்ச்சல் பாட்டில் ஒன்று, பத்து செவ்வாய்க்கிழமைக்குச் சமம்.

ஆனால் பாட்டிலைக் கட்டுவதில் விஞ்ஞானம் இருக்கிறது. விமானம் மேலே போனதும் பெட்டி இருக்கும் அறையில் காற்றழுத்தம் தரையில் இருப்பதைவிடக் குறையும். பாட்டிலின் கழுத்தில் அடைபட்ட காற்று விரிந்து, மூடி வழியே எண்ணெயை வெளியே தள்ளும். ஒருமுறை எங்கள் அத்தானின் பட்டு வேஷ்டி ஆவக்காய் நிறத்தில் போய் இறங்கியது. ஆகவே மூடியைச் சுற்றி டேப், அதன் மேல் இரண்டு பிளாஸ்டிக் கவர், அதற்கு மேல் அழுக்குத் துணி. கைப்பையில் வைக்கலாமே என்று நினைக்காதீர்கள். வெளிநாட்டு விமானங்களில் 100 மில்லிக்கு மேல் திரவம் கைப்பையில் கூடாது. குழம்பு விழுதும் அந்தக் கணக்கில்தான் வரும்.

பொடி வாங்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: "தேங்காய் போட்டிருக்கா?" கொப்பரை சேர்த்த பொடி சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். தேங்காய் இல்லாதது நீண்ட நாள் தாங்கும். பெருங்காயம் மறக்கவே கூடாது. எல்.ஜி. கட்டிப் பெருங்காயம் 1894 முதல் இருக்கிற கம்பெனி சரக்கு. வேடிக்கை என்னவென்றால், பெருங்காயத்தின் மூலப் பொருளே ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கத்திலிருந்து வருவது. இந்தியாவில் அதைப் பயிரிடும் முயற்சி இமாசலப் பிரதேசத்து லாஹௌலில் 2020-ல்தான் தொடங்கியது. ஆக, பாஸ்போர்ட் விஷயத்தில் பெருங்காயம் நமக்கெல்லாம் சீனியர்.

அடையாறிலிருந்து தி.நகர். ரங்கநாதன் தெருவுக்குள் வெளிநாட்டு உறவினரைக் கூட்டிப் போனால் வெளியே வரும்போது எண்ணிப் பார்த்துக்கொள்ள வேண்டும். பாண்டி பஜார் பரவாயில்லை. 2019-ல் நடைபாதையை அகலப்படுத்தியபின் கையை வீசி நடக்கலாம். இங்கேதான் என் சிநேகிதனின் பாரிஸ் பாடம் உதவும். ஏதாவது ஒரு சாதாரண சூப்பர் மார்க்கெட்டுக்குள் நுழையுங்கள். பில் போடும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மிட்டாய் ஜாடிகளைப் பாருங்கள். கமர்கட், தேன் மிட்டாய், காஃபி பைட். அந்த காஃபி பைட் செய்த பாரி கம்பெனியின் மிட்டாய் வியாபாரத்தை 2004-ல் கொரியாவின் லோட்டே வாங்கிவிட்டது. நாக்குக்கு அதெல்லாம் தெரியாது. நாற்பத்தைந்து வயது ஐ.டி. மேனேஜர் ஒருவர் காஃபி பைட்டைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டு, ஐந்தாம் கிளாஸ் படிக்கிற பையன் மாதிரி நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

ஊர் ஊராகப் போக நேரமில்லாதவர்களுக்குக் கோவில்பட்டிக் கடலை மிட்டாய், மணப்பாறை முறுக்கு, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா என்று எல்லாமே சென்னைக்கு வந்துவிட்டன. மூன்றுக்கும் புவிசார் குறியீடு உண்டு. பால்கோவாவுக்கு 2019, கடலை மிட்டாய்க்கு 2020, முறுக்குக்கு 2023. பாக்கெட்டின் பின்பக்கம் திருப்பி எந்த ஊரில் செய்தது என்று பார்த்து வாங்குங்கள். கோவில்பட்டி என்று முன்பக்கம் எழுத யாராலும் முடியும். கடலை மிட்டாய் நல்ல பயணி. கெடாது, ஒழுகாது. பால்கோவாவை இங்கேயே சாப்பிட்டுவிட்டுப் போங்கள். ஏன் என்று அடுத்து சொல்கிறேன்.

ஸ்வீட்டே கூடாதா என்று கேட்பீர்கள். கோயம்புத்தூரிலிருந்து வந்து தி.நகரைப் பிடித்துக்கொண்ட ஸ்ரீ கிருஷ்ணா ஸ்வீட்ஸின் மைசூர்பா அரைக் கிலோ போதும், ஆபீஸ் நண்பர்களுக்கு. "வாட் இஸ் திஸ்?" என்று கேட்டால் "நெய்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்.

கஸ்டம்ஸ் அண்ணாச்சி

சிரித்ததெல்லாம் போதும். இது கொஞ்சம் சீரியஸ் சமாசாரம்.

முதலில் கசகசா. நமக்கு அது குருமா சாமான். ஐக்கிய அரபு எமிரேட்ஸுக்கும் சவுதிக்கும் அது போதைப் பொருள். ஐம்பது கிராம் பாக்கெட்டுக்காக ஜெயில் வரை போக நேரும். துபாய் போகிற பிள்ளைக்கு அம்மா பாசத்தோடு கட்டிக் கொடுக்கும் குருமா மசாலாவில் கசகசா இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

கறிவேப்பிலை. பச்சை இலையை அமெரிக்காவுக்குள் விட மாட்டார்கள். ஆரஞ்சு, எலுமிச்சைத் தோட்டங்களை அழிக்கிற ஒரு நோயைப் பரப்பும் பூச்சி கறிவேப்பிலையில் தங்கும். ஒரு கொத்து இலையில் ஒட்டிக்கொண்டு போகும் பூச்சி ஒரு ஊர் விவசாயியின் பிழைப்பையே கெடுத்துவிடும் என்று நினைத்துப் பார்த்தால், அவர்கள் கெடுபிடி நியாயமாகத்தான் படுகிறது. அரிசியும் கொண்டைக்கடலையும் இந்தியாவிலிருந்து பயணிகளின் பெட்டியில் அங்கே போகக் கூடாது. காரணம், தானியத்தைத் தின்னும் காப்ரா வண்டு.

ஐரோப்பாவில் வேறு கதை. வெளியிலிருந்து வருகிற பயணி பாலும் பால் பண்டமும் கொண்டுவரக் கூடாது. பால்கோவா, நெய் அங்கேயே குப்பைத் தொட்டிக்குப் போகும். பழம், காய், இலை எதுவானாலும் 2019 டிசம்பரிலிருந்து சர்ட்டிஃபிகேட் வேண்டும். ஐந்து மட்டும் விலக்கு: வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, துரியன். அதாவது தாம்பூலத் தட்டோடு பாரிஸ் போனால் வாழைப்பழமும் தேங்காயும் உள்ளே போகலாம். வெற்றிலை மட்டும் வெளியே நிற்க வேண்டும்! தேங்காய்க்கு அனுமதி உண்டு என்று கொப்பரையை வைத்துவிடாதீர்கள். எண்ணெய்ப் பசை மிகுந்த கொப்பரை தானாகவே சூடாகித் தீப்பிடிக்கக்கூடியது. இங்கே நம் ஏர்போர்ட்டிலேயே பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள்.

பொதுவாக ஒரே மந்திரம்தான். வறுத்தது, அரைத்தது, லேபிளோடு ஒட்டியது எளிதாகப் போகும். பச்சை, விதை, பால் தகராறு. ஃபாரத்தில் உணவு இருக்கிறதா என்று கேட்டால் 'ஆம்' போடுங்கள். சொன்னால், போனால் பொருள் போகும். மறைத்தால் அபராதம். விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால், கிளம்பும் முன் அந்தந்த நாட்டு அரசாங்கத்தின் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுவது உத்தமம்.

எந்தக் கடையிலும் இல்லாதது

இவ்வளவு கடை சொன்னேன். போன மார்கழியில் நியூஜெர்சி அக்கா என்னைக் கேட்ட சரக்கு எதிலும் கிடைக்கவில்லை.

அக்கா என் பெரியம்மா பெண். இருபத்திரண்டு வருஷமாக வந்து போகிறாள். முன்பெல்லாம் கடைக்கே போக மாட்டாள். பெரியம்மா ஒரு மாதம் முன்பே வறுத்து இடித்து, பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்களில் நிரப்பி, 'ப.பொடி', 'இ.மி.பொடி' என்று பால்பாயின்ட் பேனாவில் எழுதி ஒட்டி வைத்திருப்பாள். இப்போது பெரியம்மாவுக்கு எழுபத்தொன்பது. முழங்கால் மடங்காது; கை நடுங்குகிறது. அடுப்பு முன்னால் அரை மணி நிற்க முடியாது. அதனால் அக்கா நான்கு கடையில் பதினோரு பாக்கெட் பொடி வாங்கினாள். பெரியம்மா ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை உள்ளங்கையில் போட்டு நக்கிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

எங்கள் வீட்டில் அதற்கு அர்த்தம், முப்பத்தைந்து மார்க்; ஜஸ்ட் பாஸ்.

அக்கா பாக்கெட்டுகளை அடுக்கிக்கொண்டே, "அம்மா பொடி மாதிரி எங்கேடா கிடைக்கும்?" என்றாள். கேட்டது என்னிடம். பார்த்தது பாக்கெட்டை.

"கடையில கிடைக்காது அக்கா. ஆனா பெரியம்மா இங்கேதானே இருக்காங்க? அடுப்பு இருக்கு. மாவு மில் தெருக்கோடியில இருக்கு" என்றேன்.

மறுநாள் காலை சமையலறையில் பெரியம்மாவுக்கு நாற்காலி போட்டோம். வாணலியில் அக்கா. கட்டளை நாற்காலியிலிருந்து. "தீயைக் குறை... இன்னும் குறை. பருப்பு வாசனை வரணும், நிறம் வரக் கூடாது... இப்ப இறக்கு! இப்ப!" ஒரு தடவை தாமதமாகி, முதல் ஈடு துவரம்பருப்பு கொல்லைக்குப் போயிற்று. அக்கா போனில் அளவு குறித்துக்கொண்டு வந்தாள். அதில்தான் சிக்கல். பெரியம்மாவுக்குக் கிராம் தெரியாது, கப் தெரியாது. "அந்த ஆழாக்குல கோபுரமா ஒண்ணு. மிளகு தலை தட்டி கால். பெருங்காயம், நீ சின்னப்பிள்ளையில கோலி விளையாடுவியே, அந்த சைஸ்."

ஆறவைத்துத் தூக்கில் போட்டு மில்லுக்கு எடுத்துப் போனேன். பெரியம்மா பின்னாலிருந்து குரல் கொடுத்தாள். "முன்னாடி யாரோ மிளகாய் அரைச்சிருப்பான். முதல்ல ஒரு பிடி அரிசி போட்டு ஓட்டச் சொல்லு!" மில்காரர் சிரித்தார். "பெரியம்மா எப்படி இருக்காங்க? அவங்க சொல்லி அனுப்பினதுதானே இது?" என்று அரிசியை ஓட்டிவிட்டுத்தான் பொடியைப் போட்டார்.

அன்று மதியம் சூடான சாதத்தில் அந்தப் பொடியும் நல்லெண்ணெயும். பெரியம்மா ஒரு வாய் சாப்பிட்டாள். அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உப்பு ஒரு கல்லு கம்மி" என்றாள் பெரியம்மா. "மத்தபடி, என் பொடிதான்."

கிளம்புகிற அன்று கொக்கித் தராசில் பெட்டியைத் தூக்கினோம். 23 கிலோ 700 கிராம். ஆழாக்கும் உள்ளே போயிருந்தது, பித்தளை கனம். எதை எடுப்பது? மைசூர்பா, ஆபீஸுக்கு. வற்றல், எடையே இல்லை. அக்கா பொடி பாட்டில் ஒன்றின் மேல் கை வைத்தாள்.

"அதை எடுக்காதே" என்றாள் பெரியம்மா. "அந்தப் பட்டுப் புடவையை எடு. அது அடுத்த வருஷமும் இருக்கும்."

யாரும் எதுவும் சொல்லவில்லை. அக்கா புடவையை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டு, பாட்டிலைத் துண்டில் சுற்றி நடுவில் வைத்தாள்.

பொடி மார்ச் மாதமே தீர்ந்துவிட்டதாம். இப்போது அக்காவே அங்கே அந்த ஆழாக்கை வைத்துக்கொண்டு வறுக்கிறாளாம். போனை நாற்காலியில் சாய்த்து வைத்து வீடியோவில் பெரியம்மாவின் கட்டளை தொடர்கிறது. பட்டுப் புடவை என் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. நியூஜெர்சி போகிற உறவுக்காரர் யாராவது சிக்குவார்களா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். எழுநூறு கிராம்தான்!